ஈறு பார்க்கும் கனகசபை

கனகசபை யாருடைய கண்ணையும் பார்த்துப் பேசுவதில்லை. ஈறைப் பார்த்துப் பேசுவார். கோயிலில் ஐயர் திருநீற்றை நீட்டி மந்திரம் சொன்னால், இவர் கை நீட்ட மறந்து அவருடைய கீழ்வரிசைப் பல்லை எட்டிப் பார்ப்பார். "வலப்பக்கம் வீங்கிக் கிடக்கு ஐயர். ஒருக்கால் வாருங்கோ, சுரண்டிப் பார்ப்பம்."

யாழ்ப்பாணத்துக்காரர். ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்தில் வேலை. விரல் நுனிகள் எப்போதும் கத்தரிக்காய் நிறம். எந்தச் சோப்புக்கும் அந்தச் சாயம் போகாது. ஈறோரத்து அழுக்கைக் கம்பியால் வழித்து, கண்ணாடித் துண்டில் தடவி, தீயில் காட்டி, சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் குனிவார். ஊசி போல ஒரு கிருமி, சுருள் போல ஒரு கிருமி. இரண்டும் கூட்டமாகத் தெரிந்தால் முகம் மலரும். "புருசனும் பெண்சாதியும் போல. ஒண்டை விட்டு மற்றது இராது."

பெக்கான் நானாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து கருப்பாயி வந்தாள். ஈறெல்லாம் ரத்தம், முன்பற்கள் ஆட்டம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். டாக்டர் சொல்லிவிட்டார்: அந்தச் சோடிக் கிருமி இருந்தால் மருந்து தடவியே ஆற்றிவிடலாம், இல்லையென்றால் முன்வரிசையைப் பிடுங்க வேண்டும்.

கண்ணாடித் துண்டில் ஒன்றுமில்லை. பெருக்கிவிட்ட முற்றம் போல் கிடந்தது.

"பல் விளக்கினனீங்களோ?"

"வெளக்காம வருவாங்களா? கரியும் உப்பும் போட்டு நல்லாத் தேச்சேன். டாக்டரய்யா வாயப் பாப்பாருல்ல."

"நாளைக்கு விளக்காமல் வாருங்கோ."

மறுநாளும் துண்டு சுத்தம். கருப்பாயி தலையைக் குனிந்துகொண்டாள். "வெறும் வாயோட லோரி ஏறுனா பக்கத்துல இருக்கிறவங்க என்ன நெனப்பாங்க ஐயா? கொஞ்சமாத்தான் தேச்சேன்."

ஜொகூரில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. டாக்டரிடம் கெஞ்சி வாங்கிய மைக்ராஸ்கோப்பை மார்போடு அணைத்தபடி கனகசபை முதல் பஸ் ஏறினார். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது புலர்ந்திருந்தது. வாய்ப்புண்ணால் வேலைக்குப் போகாத கருப்பாயி, அப்போதுதான் எழுந்து, உள்ளங்கையில் கரியோடு குழாயடிக்கு வந்துகொண்டிருந்தாள்.

"நில்லுங்கோ. வாயைத் திறவுங்கோ."

"அலமாக், லயத்துக்கே வந்துட்டாரு" என்று வாயில் கைவைத்தாள் அடுத்த வீட்டுக் காளியம்மா. "இன்னிக்கு நீ தப்ப முடியாதுடி."

அன்னாசிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மைக்ராஸ்கோப்பை வைத்தார். அடியிலிருந்த சிறு கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினார். இன்று சாயம் இல்லை. வழித்ததை ஒரு சொட்டு உப்புநீரில் உயிரோடு விட்டார். வேலைக்குப் போகாமல் லயத்தில் மிஞ்சியிருந்தவர்களெல்லாம் சுற்றி நின்றார்கள். குனிந்தவர் நிமிராமலே சொன்னார்.

"சோடி இருக்கு. கூத்தாடுதுகள். பல்லுப் பிடுங்கத் தேவையில்லை, மருந்தே போதும்."

கருப்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு காலையில தேய்க்காததுக்கே இத்தனையா?" அவரை ஏறிட்டாள். "ஐயா, இருட்டோட கெளம்பி வந்திருக்கீங்களே. நீங்க பல்லு வெளக்குனீங்களா?"

கனகசபை பதில் சொல்ல வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். மூடிய வாயோடு, அவள் கையிலிருந்த கரிக்காகத் தம் உள்ளங்கையை நீட்டினார்.