பூட்டிய மீட்டர் பெட்டி

மலாய்க்காரர்கள் மெர்டேக்கா என்று சொல்லும் சுதந்திரம் வந்த வருஷம் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டு வரிசையில் குடியிருந்தோம். வரிசை முழுவதற்கும் ஒரே கரண்ட் மீட்டர். அது வீட்டுக்காரர் வீட்டில் ஒரு பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. பில்லை அவர் கட்டுவார். எங்களிடம் பல்புக் கணக்கில் வாங்குவார். எரிந்தாலும் எரியாவிட்டாலும் பல்புக்கு இவ்வளவு. சாமி படத்துக்கு முன்னால் மினுக்கும் சிவப்பு பல்புக்கும் அதே விலைதான்.

தையலில்தான் என் குடும்பம் ஓடியது. வீட்டில் வெளிச்சமே வராது, பகலிலும் விளக்கு வேண்டும். அது போனால் பிழைப்பு போச்சு. அதனால் அவர் விலை ஏற்றியபோதெல்லாம் பேசாமல் கொடுத்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சும் வராது.

ஒரு மாதம் மறுபடி ஏற்றினார். இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

"அண்ணே, மீட்டரத் தொறந்து காட்டுங்க. பாத்துட்டுக் குடுக்கிறேன்."

"ஒனக்கு மீட்டர் படிக்கத் தெரியுமா?"

"நம்பர் படிக்க நாலாங் கிளாஸ் போதும்ண்ணே."

பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் விடுவிடுவென்று போய் என் வீட்டுப் பியூஸைப் பிடுங்கினார்.

மண்ணெண்ணெய் விளக்கில் தைத்தேன். கல்யாண ரவிக்கையில் கரி படுமோ என்று ஒவ்வொரு தையலுக்கும் பயம். அவர் கேட்டதைக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான் திண்டாடுவதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, தன் பல்புகளைக் கழற்றிக் கூடையில் போட்டு அவரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"பல்புக்குத்தானே காசு? இந்தாங்க, நீங்களே வச்சுக்குங்க. வெள்ளக்காரனே கொடிய எறக்கிட்டான், நீங்க எப்பண்ணே எறங்குவீங்க?"

மற்ற வீடுகளும் கழற்றின. சாமிக்கு எண்ணெய் விளக்கு ஏற்றினோம்.

அடுத்த பில் வந்தபோது வரிசையே இருட்டு. ஆனாலும் பில் கொஞ்சந்தான் இறங்கியிருந்தது. வீட்டுக்காரர் மனைவியே குழாயடியில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"அலாமா! எங்க ஐஸ் பெட்டியும் காத்தாடியுந்தான் கரண்ட் பூராத்தையும் குடிச்சிருக்கு!"

இத்தனை நாள் அதற்கும் சேர்த்து நாங்கள்தான் கொடுத்திருக்கிறோம்.

வீட்டுக்காரர் வந்தார். "பல்ப மாட்டுங்கம்மா. விலையக் கொறச்சிக்கலாம்."

"கொறைக்க வேணாம்ண்ணே. வீட்டுக்கு வீடு மீட்டர் வைங்க. எரிஞ்சதுக்குக் குடுக்கிறோம்" என்றேன்.

"அந்தச் செலவு?"

"உங்களோடது. அதுவரைக்கும் மண்ணெண்ணெய் இருக்கு."

பொங்கலுக்குள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சின்ன மீட்டர் ஏறியது. அளந்து காட்டாத எதற்கும் அன்று முதல் நான் காசு கொடுத்ததில்லை. இனியும் கொடுக்க மாட்டேன்.