மூடுபனியும் ஓட்ஸ் கஞ்சியும்

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது காலையில் ஒரு மணி நேரம்தான். அவள் டெல்லி விமான நிலையத்தில், ஒரு விமான நிறுவனத்தின் செக்-இன் கவுண்டரில் வேலை பார்த்தாள். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் இரவில் கிளம்புபவை. அதனால் அவளுக்கு இரவு ஷிஃப்ட். நான் சாயந்திரம் அலுவலகம் முடிந்து, டெல்லியின் துவாரகா பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அவள் சீருடையோடு கண்ணாடி முன்னால் நின்றிருப்பாள். கொஞ்ச நேரத்தில் கீழே கம்பெனி வண்டி ஹார்ன் அடிக்கும். கிளம்பிவிடுவாள். மறுநாள் காலை அவள் திரும்பி வந்த ஒரு மணி நேரத்தில் நான் மெட்ரோ பிடிக்க ஓட வேண்டும்.

பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தவன். அவள் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி இந்தி. என் இந்தியில் முக்கால்வாசி கைஜாடை. கல்யாணமாகி வாரங்கள் ஓடியும் இருவரும் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். ரயிலில் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொள்வதைப் போல இருக்கும் எங்கள் பேச்சு. “தூக்கம் வந்துச்சா?” “ம்.” “வண்டி நேரத்துக்கு வந்துச்சா?” “ம், வந்துது.” அதற்குமேல் எப்படி நீட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அவள் சரியாகச் சாப்பிடாததுதான் எனக்கு உறுத்தியது. ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருபவள், ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு நாலு பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். மத்தியானம் எழுந்தால் நெஞ்செரிச்சல். நான் பிரெட்டில் ஜாம் தடவித் தின்றுகொண்டிருந்தவன். எனக்கும் சமையல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் வராது. இட்லி மாவு அரைத்து வைத்தால் நவம்பர் குளிரில் புளிக்கவே மாட்டேன் என்றது.

கல்யாணத்துக்கு அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் சேர்ந்து ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். விமானப் பணிப்பெண் ஒருத்தி துபாயிலிருந்து வாங்கிவந்ததாம். திறந்து பார்க்காமல் அலமாரிக்கு மேலே வைத்திருந்தோம். ரைஸ் குக்கராக இருக்கும் என்பது என் எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பிரித்தால், கனமான பீங்கான் சட்டி ஒன்று, அதற்குக் கண்ணாடி மூடி, அதைச் சுற்றி மின்சாரத்தில் சூடாகும் உறை. ஸ்லோ குக்கர். கூடவே இருந்த சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஓட்ஸ் கஞ்சி செய்முறை இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது எல்லாவற்றையும் போட்டு மூடிவைத்தால் போதும், விடியும்போது காலை உணவு தயார் என்றிருந்தது. எனக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அதன் பிளக்கில் சதுரமான மூன்று கால்கள். நம் ஊர் சாக்கெட்டில் நுழையவில்லை. மார்க்கெட்டில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் அதற்கொரு அடாப்டர் வாங்கிவந்தேன்.

முதல் தடவை, கடையில் கிடைத்த பாக்கெட் ஓட்ஸைப் பாலில் கொட்டி, சர்க்கரை போட்டு வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் மூடியைத் திறந்தபோது ஓரமெல்லாம் கருகி, நடுவில் சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. அதைத் தூக்கிப் போடுவதற்குள் அவள் வந்துவிட்டாள். கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். சட்டியும் சேர்ந்து மேலே வந்தது.

“இது என்ன, கோந்தா?”

“ஓட்ஸ் கஞ்சி. உங்களுக்காகத்தான்...”

அவள் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. சிரித்து முடித்ததும், “அச்சா, தண்ணியில வெச்சு, பாலைக் காலையில ஊத்துங்களேன். ஃப்ரூட் ஏதாவது போடுங்க. சும்மா கஞ்சி யார் சாப்பிடுவாங்க?” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

அதன் பிறகு எனக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. பாக்கெட் ஓட்ஸ் நீண்ட நேரச் சூட்டைத் தாங்காது என்று தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில், முழு ஓட்ஸை நொறுக்கி டப்பாவில் அடைத்தது கிடைத்தது. பார்வைக்கு அரிசி நொய் மாதிரி இருக்கும். சட்டியின் உட்புறம் வெண்ணெய் தடவி, ஓட்ஸையும் நிறையத் தண்ணீரையும் விட்டு, ஆப்பிளைத் துண்டு போட்டு, ஒரு கை கிஸ்மிஸும் ஒரு பட்டைத் துண்டும் சேர்த்து, குறைந்த சூட்டில் வைத்துவிடுவேன். காலையில் ஆப்பிள் கரைந்து, கிஸ்மிஸ் பருத்து, வீடே மணக்கும். சூடான பாலைக் கலந்து, மேலே மாதுளை முத்துகளைத் தூவிக் கொடுப்பேன்.

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் கேட்டுக்கு வெளியே வண்டி போட்டிருந்த பழக்காரர் என்னைக் கண்டாலே, “பாபுஜி, இன்னைக்கு கஞ்சிக்கு என்ன?” என்று இந்தியில் கேட்க ஆரம்பித்தார். பேரிக்காய் நன்றாக வந்தது. உலர்ந்த குபானியை, அதாவது ஆப்ரிகாட் பழத்தை, முந்தின நாள் ஊறப்போட்டுச் சேர்த்தது அதைவிட நன்றாக வந்தது. சப்போட்டா போட்டபோது சேற்று நிறத்தில் ஒன்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ருசியாகத்தான் இருந்தது. ஆரஞ்சுச் சுளை போட்ட அன்று பால் திரிந்துபோய் இருவரும் பிரெட் தின்றோம். ஒருநாள் அவள் உள்ளே வரும்போதே சொன்னாள், “லிஃப்ட் கதவு திறக்கும்போதே பட்டை வாசனை வருது. பக்கத்து ஃப்ளாட் ஆன்ட்டி, உங்க வீட்ல தினமும் கேக் பண்றீங்களான்னு கேட்டாங்க.”

டிசம்பரில் என் அம்மா ஊரிலிருந்து வந்தாள். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் மேல் என் பழைய கோட்டையும் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, நான் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றுவதைப் பார்த்தாள். மகன் அடுப்படியில் நிற்பதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சியைத்தான் தாங்க முடியவில்லை.

“என்னய்யா இது? ராத்திரி பூரா வேலை பாத்துட்டு வார பிள்ளைக்கு, காய்ச்சக்காரிக்குக் குடுக்க மாதிரி கஞ்சியா குடுக்க? ரெண்டு இட்லி அவிச்சுப் போட்டா ஆகாதா?”

மறுநாள் மாவை ஒரு போர்வையில் சுற்றி, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் புளிக்கவைத்து, இட்லி அவித்தே விட்டாள். என் மனைவி இட்லியையும் சாப்பிட்டாள், கிண்ணத்தை நீட்டிக் கஞ்சியையும் வாங்கிச் சாப்பிட்டாள். “ரெண்டும் நல்லாருக்கு அத்தை” என்றாள். அம்மாவுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஊருக்குத் திரும்பும்வரை அந்தக் கஞ்சியை அவள் வாயில் வைக்கவில்லை. ஆனால் சாயந்திரங்களில் டிவி பார்த்தபடி எனக்காக ஆப்பிள் நறுக்கித் தந்தாள்.

ஜனவரியில் மூடுபனி இறங்கியது. அந்த ஊரில் வருஷா வருஷம் வருவதுதான். ஆனால் அவள் வேலையோடு சேர்த்து நான் அதைப் பார்த்தது அப்போதுதான். ஒரு நாள் காலை பால்கனியில் நின்றால் எதிர் பிளாக்கே இல்லை. கீழே காவலாளி மூட்டிய நெருப்பு மட்டும் ஒரு ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரிந்தது. வழக்கமாக அவள் வரும் நேரம் தாண்டியது. மொபைலில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஸ்விட்ச் ஆஃப். டிவியில் விமானங்கள் ஒன்றும் கிளம்பவில்லை என்று காட்டினார்கள். மக்கள் தரையில் பெட்டிகளின் மேல் சாய்ந்து கிடந்தார்கள். கவுண்டர்கள் முன்னால் கூட்டம், கூச்சல். அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது அவள் தெரிகிறாளா என்று பார்த்தேன். கேமரா அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

நான் கிளம்பி, ஷூ மாட்டி, கதவு வரை போனேன். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு அலுவலகத்துக்கு வரவில்லை என்று போன் செய்தேன். குக்கரைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் நிலைக்குத் திருப்பினேன். செய்வதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. அவ்வப்போது மூடியைத் திறந்து பார்ப்பேன். கஞ்சி இறுகியிருக்கும். கொஞ்சம் பால் விட்டுக் கிளறி மூடுவேன். சாலையில் வண்டிகள் மோதிக்கொண்ட செய்தி டிவியில் வந்தபோது அதை அணைத்துவிட்டேன். மறுபடியும் போட்டேன். பழக்கமே இல்லாத ஒருவரைப் பற்றி இவ்வளவு கவலைப்பட முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றியது. எப்போது பழகினோம் என்றுதான் தெரியவில்லை.

மத்தியானம் ஆகிவிட்டது அவள் வர. கதவைத் திறந்தவளின் முடியெல்லாம் பனி ஈரம். சீருடையின் கழுத்துத் துணி அவிழ்ந்து தொங்கியது. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

“நீங்க ஆபீஸ் போகலையா?”

“போகல.”

“ஏன்?”

“நீ இன்னும் வரலையே.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சாப்பாட்டு மேஜை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதாள். என்ன செய்வது என்று தெரியாமல் நான் போய்க் கஞ்சியை எடுத்துவந்தேன். அது கஞ்சியாகவே இல்லை. ஆப்பிளும் பேரீச்சையும் சுண்டி, அல்வாப் பதத்தில் பழுப்பாக இருந்தது. கிண்ணத்தில் போட வரவில்லை. சட்டியையே மேஜையில் வைத்து இரண்டு ஸ்பூன்களைப் போட்டேன். ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய். அதன் பிறகுதான் பேச்சு வந்தது.

“ஒரு வயசான கப்பிள். தமிழ்க்காரங்க. சிங்கப்பூர்ல அவங்க பையனுக்கு ஆபரேஷன். ஃப்ளைட் எப்போன்னு கேட்டுக்கேட்டு அந்த அங்கிள் களைச்சுப் போயிட்டார். எனக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனச்சு அந்த ஆன்ட்டிகிட்ட சொல்றார், ‘பொம்மை மாதிரி நிக்கறா பாரு, இவளுக்கெல்லாம் அப்பா அம்மான்னு யாராவது இருக்காங்களா’ன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் தோணல. ‘இருக்காங்க அங்கிள், கிட்வாய் நகர்ல இருக்காங்க’ன்னு தமிழ்லயே சொன்னேன். அவர் அப்படியே உடைஞ்சு அழ ஆரம்பிச்சுட்டார். நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க, பனியை நானா கொண்டுவந்தேன்?”

ஷிஃப்ட் முடிந்த பிறகும் அவர்களை விட்டுவர மனமில்லாமல், டீ வாங்கிக் கொடுத்து, விமானம் கிளம்பும் அறிவிப்பு வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதற்குள் கம்பெனி வண்டி போய்விட்டது. போனில் சார்ஜ் இல்லை. ஆட்டோவில் ஊர்ந்து ஊர்ந்து வந்திருக்கிறாள்.

அன்று அவள் தூங்கவில்லை. நானும் எங்கேயும் போகவில்லை. சட்டியின் ஓரத்தைச் சுரண்டியபடி அவள் கவுண்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். எடை கூடிய பெட்டிகளைத் திறந்து ஊறுகாய் ஜாடிகளை வெளியே எடுப்பவர்கள், முதல் தடவை விமானத்தில் ஏறுகிறவர்கள் கேட்கிற கேள்விகள். நான் ஊரைப் பற்றி, அப்பா இறந்த வருஷத்தைப் பற்றி, யாரிடமும் சொல்லாத ஒன்றிரண்டைச் சொன்னேன். நடுவில் அவள் திடீரென்று நிறுத்தி, “இன்னைக்குத்தான் உங்க வாயில ‘நீ’ன்னு வந்திருக்கு, தெரியுமா?” என்றாள்.

“தப்பா?”

“சே, இதுக்கு இவ்வளவு நாளான்னுதான்.”

மார்ச்சில் அவளுக்குக் காலை ஷிஃப்ட் கிடைத்தது. அதாவது, நான் எழுந்திருக்கும்முன் அவள் கிளம்ப வேண்டும். காலையில் பார்க்க முடியாவிட்டாலும் சாயந்திரங்கள் எங்களுக்குக் கிடைத்தன. கஞ்சியை இருவரும் சேர்ந்தே தயார் செய்து வைப்போம். நான் எழுந்து மூடியைத் திறந்தால், நடுவில் கோடு போட்டது போல அவள் தன் பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். என் பக்கத்தை அவள் கரண்டி தொட்டிருக்காது. கொஞ்சம் பெரிய பாதியாகவே எனக்கு விட்டிருப்பாள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒரு காலை மூடியைத் திறந்தபோது சட்டி நிறைய அப்படியே இருந்தது. பயந்துபோய் போன் செய்தேன்.

“சாப்பிடலையா? உடம்பு சரியில்லையா?”

“மூடியைத் திறந்ததும் அந்த வாசனை... குமட்டிக்கிட்டு வந்துது. நேத்தும் அப்படித்தான். எப்படியோ சாப்பிட்டு முடிச்சேன்.” பின்னால் விமான அறிவிப்பு கேட்டது. அது முடியும்வரை அவள் காத்திருந்தாள். “சாயந்திரம் ஜல்தி வாங்க. டாக்டர்கிட்ட போகணும். பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல.”

நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்த முழுச் சட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

டாக்டர் உறுதிசெய்த மறுவாரம் அவளைப் பகல் வேலைக்கு மாற்றினார்கள். முதன்முதலாக இருவரும் ஒன்றாக எழுந்து ஒன்றாகக் கிளம்பும் காலைகள் வந்தன. ஆனால் அவளுக்குப் பட்டை, ஆப்பிள், வேகும் ஓட்ஸ் எதன் வாசனையும் ஆகவில்லை. எனக்கோ காலையில் அந்தக் கஞ்சி பழகிவிட்டது. எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து குக்கரை பால்கனிக்குக் கொண்டுபோனேன். அந்தக் கோடை முழுக்க, கண்ணாடிக் கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, புறாக்களை விரட்டியபடி நான் வெளியே உட்கார்ந்து என் கஞ்சியைச் சாப்பிட்டேன். உள்ளே அவள் ரஸ்க்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். சத்தம் வெளியே கேட்காது.