வால்டர் தந்த காளான் பாண்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தொழிற்சாலை ஓய்வறையில் ஒரு வாசம் எழும். என்னோடு வேலை செய்த வால்டர், வெங்காயத்தோடு வதக்கிய கொத்திறைச்சியை உருண்டைப் பாண் ரொட்டிக்குள் அள்ளி வைத்து எல்லோருக்கும் தருவார். நான் இந்த வெளிநாட்டு நகரான லாங்கன்தாலுக்கு வந்த புதிதில் எனக்கும் நீட்டினார். அது தவக்காலத்து வெள்ளி. மன்னார்க் கத்தோலிக்கர்களான நாங்கள் அன்று இறைச்சி தொடமாட்டோம். அதை விளக்கும் அளவுக்கு எனக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரியாது. "வேகி?" என்று கேட்டார், மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவாயா என்று. தலையாட்டிவிட்டேன்.

அந்த ஒரு தலையாட்டலால் ஆறு வருடம் வாசத்தை மட்டும் தின்றேன். மற்றவர்கள் தாளில் உதிர்ந்த இறைச்சியை விரலால் ஒற்றி எடுக்கும்போது நான் வெறும் வெண்ணெய்ப் பாணைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

"உண்மையைச் சொல்லுமன்," என்பார் கணவர்.

"இனி எப்பிடியப்பா சொல்லுறது? வெக்கமாக் கிடக்கு."

வால்டர் தான் ஓய்வுபெற்ற நாளில் என் முன்னால் தனிப் பொட்டலம் ஒன்றை வைத்தார்.

"உனக்கென்று செய்தது. சட்டிகூட வேறு. இத்தனை வருடமும் நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்."

உள்ளே, பாணுக்குள் பொடியாக நறுக்கி வதக்கிய காளான். 'நான் இறைச்சி சாப்பிடுவேன்' என்று சொல்ல அதற்குள் எனக்கு டொச் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் பாணை எடுத்துக் கடித்தேன். தாளில் உதிர்ந்ததையும் ஒற்றித் தின்றேன்.

இப்போது சனிக்கிழமைகளில் வீட்டில் அதே பாணை இறைச்சி வைத்துச் செய்கிறேன். நன்றாகத்தான் வருகிறது. வாய் மட்டும் அந்தக் காளானைத் தேடுகிறது.