அட்ராக்டா வீட்டு ஈரச் சுவர்

அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்து அட்ராக்டா கில்மார்ட்டின் தன் அறுபத்தேழு வயதுக்குள் சம்பாதித்த ஜென்ம விரோதி ஒன்றுதான்: சுவரில் ஏறும் ஈரம்.

கல்யாணமாகி வந்த அன்றே அது சமையலறையில் இடுப்பளவு ஏறி நின்றது. மாமியார் அதைக் குடும்பச் சொத்து மாதிரி காட்டினாள். அட்ராக்டா கொத்தினாள், தார் பூசினாள், மறுபடி கொத்தினாள். கணவன் மாலகி டிராக்டருக்குச் சேர்த்த பணம் அந்தச் சுவருக்குள் போய்ச் சேர்ந்தது. கடைசியில், ஊர் வழக்கப்படி பங்குத்தந்தை வீட்டுக்கே வந்து திருப்பலி வைத்த நாளில், பால் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஊரே கண் கூசியது. பக்கத்து வீட்டு கான்செப்டா டர்க்கன் விரலால் தேய்த்தே பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு மனுஷிக்கு இதைவிடப் பெரிய வெற்றி எதற்கு?

இந்த நிம்மதியின் நடுவில்தான் கலை வந்து கதவைத் தட்டியது.

டப்ளின் இயக்குநர் ஃபியாக்ரா கடலைப் பார்த்த பணக்காரத் தெருவில் வளர்ந்தவன். ஏழைகளின் துன்பத்தில் ஆழ்ந்த பரிச்சயம் உண்டு. நிறையப் படம் பார்த்திருந்தான். அவன் கதையில் அப்பா பேச மாட்டார், மகன் பேச மாட்டான், மழை பேசும். அயர்லாந்தில் சவப்பெட்டிக்குள் படுத்தவரைத் தவிர யாரும் வாயை மூடியதில்லை. ஆனால் நம் புதிய இயக்குநர்கள் எடுக்கும் படங்களில் ஊரோடு ஊமை. ஆண்டெல்லாம் நனையும் ஊரில் அந்த வாரம் பார்த்து வெயில் காய்ந்ததால், மழையை லாரியில் வரவழைத்தார்கள்.

அட்ராக்டா படப்பிடிப்புக்கு வீட்டைக் கொடுத்தது வாடகைக்காக அல்ல. தன் சுவரைத் திரையில் கான்செப்டா பார்க்க வேண்டும்.

முதல் நாளே இருவர் வந்து வெள்ளைச் சுவரில் கறுப்பும் பச்சையுமாகப் பூசினார்கள்.

"என்ன தம்பி இது?"

"ஈரம்மா. சும்மா ஈரம் இல்ல, தலைமுறை தலைமுறையா ஊறின துக்கம்."

"அந்தத் துக்கத்துக்குத் தார் பூசி அனுப்பி எத்தனை வருஷம் ஆச்சு!"

மறுநாள் மதியம், எல்லோரும் கூடாரத்தில் சாப்பிடும்போது, கான்செப்டா சோடா ரொட்டியோடு எட்டிப் பார்த்தாள். பூச்சு என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"அடி பாவி, உடம்புக்கு முடியலன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானே வந்து துடைச்சிருப்பேனே! படத்தை மொதல்ல நம்ம பங்கு மண்டபத்துலதான் போடறாங்களாம். ஊரே பாக்குமேடி!"

அவள் வாசல் தாண்டுவதற்குள் அட்ராக்டா பிளீச்சிங் வாளியில் பிரஷை முக்கிவிட்டாள்.

திரும்பி வந்த ஃபியாக்ரா தலையில் கை வைத்தான். "அம்மா, காலைல அப்பா கறுப்புச் சுவர் முன்னாடி அழுதாரு. மிச்சத்த வெள்ளைச் சுவர் முன்னாடி எப்படி அழுவாரு?"

"சுத்தமான வீட்டுல அழ வரலன்னா அவரெல்லாம் என்ன நடிகர்?"

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பிரஷோடு உட்கார்ந்தாள். "திரும்பப் பூசணுமா? படம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடும்ல, அதுல நான் சொல்றத போடு."

"அது படத்தோட மௌனத்தையே..."

"ஒத்துக்கிட்டுப் போயிரு தம்பி," என்றார் மூலையிலிருந்து மாலகி. "எனக்கு டிராக்டரே போச்சு."

படம் எங்கோ ஒரு வெளிநாட்டு விழாவில் பரிசு வாங்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தது. அப்பா உட்கார்ந்தார். மழை பெய்தது. அப்பா எழுந்தார். பிறகு, யோசித்து, உட்கார்ந்தார். ஒருவழியாகத் திரை இருண்டதும் ஜனம் கோட்டை மாட்டிக்கொண்டு மதுக்கடைக்குக் கிளம்பியது.

கதவை மூடி, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள் அட்ராக்டா. "ஒருத்தரும் நகரக் கூடாது."

திரையில் பணம் கொடுத்த வாரியங்களின் பெயர்கள் ஓடின. மழை லாரிக்காரர் ஓடினார். கடைசியில் வந்தது: "இப்படத்தில் காணும் அழுக்கு முழுவதும் படக்குழுவினருடையது. திருமதி கில்மார்ட்டினின் வீடு சுத்தமானது."

"எழுத்து பொடியா இருக்குடி," என்றாள் கான்செப்டா. "கண்ணாடி எடுத்துட்டு வரல."

அட்ராக்டா தன் கண்ணாடியைக் கழற்றி அவள் மூக்கில் மாட்டினாள். "படம் போடற தம்பி, கொஞ்சம் பின்னாடி ஓட்டு."

கான்செப்டா வாய்விட்டுப் படித்து முடித்த பிறகுதான் கதவு திறந்தது.