டெல்பர்ட் அத்தான் விதைக்காத கோதுமை

மூத்த அக்கா வெர்னாவின் கணவர் டெல்பர்ட் அத்தானுக்கு அமெரிக்காவில், ஓக்லஹோமாவில் கோதுமை நிலம். வேதாகமத்தில் ஐம்பது எழுத்துக்கு ஒன்றாக எண்ணி எடுத்துக் கோத்து, நவம்பர் ஏழாம் தேதி உலகம் முடியும் என்று கண்டுபிடித்தார். அடுத்த ஜூனில் அறுக்க யார் இருக்கப்போகிறார்கள் என்று அக்டோபரில் விதைக்க மறுத்துவிட்டார். அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

எட்டாம் தேதியும் விடிந்தது.

"விதைப்புக் காலம் போச்சே வெர்னா, இனி என்னத்தச் சாப்பிடுவோம்?" என்று அத்தான் தலையில் கைவைத்தார்.

அக்கா அவரை ஒரு மைல் தள்ளியிருந்த நிலத்துக்கு இழுத்துப்போனாள். விரல் உயரத்துக்குப் பச்சை.

"யாரு விதைச்சா?"

"நீங்க கதவச் சாத்திக்கிட்டு எண்ணினீங்க. நானும் என் தம்பியும் அவன் டிராக்டர்ல விதைச்சுட்டோம்."

"என்னை நம்பலையா நீ?"

"நம்பினேங்க. ஆண்டவர் வந்தா ரொட்டி வேணாம்னா சொல்லப்போறார்?"

அத்தான் வரப்பிலேயே மண்டியிட்டார். "தப்பா எண்ணிட்டேன் ஆண்டவரே, ஸ்தோத்திரம்!" என்று சிரித்துக்கொண்டே அழுதார்.