தம்பியின் பக்கத்து இலை

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அம்மாவோடு நின்று பேசியே வெகு காலம் ஆகியிருக்கும். அவர்தான் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லையே என்பீர்கள். ஏன் வரவில்லை என்று மகள் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

அம்மா பிறந்தது வெண்ணந்தூருக்குப் பக்கத்தில், குச்சிக்கிழங்கும் கடலையும் போட்ட குடியானவர் வீட்டில். அண்ணன்மார்களுக்கு ஒரே தங்கை. கல்யாண வீடென்றால் முதல் நாளே போய் இறங்கி, கடைசிப் பந்தி வரை கேலியும் சிரிப்புமாக நிற்பவராம். ஆட்டையாம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா வடக்கே லாரி ஓட்டியவர்; வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. எனக்குப் பிறகு தம்பி பிறந்தான்.

தம்பிக்குப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சேலத்து டாக்டர் ஆட்டிசம் என்றார். சொந்தபந்தங்கள் ஆளுக்கொரு கோயிலைச் சொன்னார்கள். அம்மா ஒன்று விடாமல் போய் வந்தார். பிறகு ஒரு நாள் நிறுத்திக்கொண்டார்.

"சாமிகிட்டக் கேக்கறதெல்லாம் கேட்டாச்சு. இனி இவங்கிட்டத்தான் கேக்கோணும்" என்றார்.

அப்படிக் கேட்டுக் கேட்டு அவர் கண்டுகொண்டது ஒன்றுதான்: தம்பி எதையும் திடீரென்று செய்ய மாட்டான். பழக்கிவிட்டால் விடவும் மாட்டான். முடி வெட்டுபவரை வீட்டுக்கு வரச் சொல்லி, கத்தரிக்கோலும் கையுமாகச் சும்மா உட்காரவைத்து, டீ கொடுத்து அனுப்புவார். பல நாள் கழித்துத்தான் முடியில் கை வைக்க விட்டார். நின்ற பஸ்ஸில் ஏற்றி இறக்கிப் பழக்கிய பிறகே ஓடும் பஸ்ஸில் கூட்டிப் போனார். பின்னாளில் இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாய்மார்கள் எங்கெங்கிருந்தோ அம்மாவைத் தேடி வந்தார்கள். அழுதுகொண்டு வந்தவர்களுக்கும் அவர் சொன்னது இதைத்தான்.

பந்திக்கும் அவனைப் பழக்கியிருப்பார். நாம்தான் விடவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சத்தத்தில் மிரண்டுபோய்த் தம்பி காதைப் பொத்திக்கொண்டு மேசையைத் தட்டினான். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பரிமாறிய இலை அப்படியே கிடந்தது. அதன்பிறகு வேறு யாரும் அங்கே உட்காரவில்லை. அம்மா தன் இலையை விட்டுவிட்டு எழுந்து வந்து, அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதற்கப்புறம் பத்திரிகை வைக்க வந்தவர்கள் குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது, பையனை மட்டும் யாரிடமாவது விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். "யாருகிட்டங்க உடறது?" என்று அம்மா கேட்டார். அவர் போவதை நிறுத்திக்கொண்டார்.

அப்பாவும் காலமானார். நான் கல்யாணமாகித் திருச்செங்கோடு வந்துவிட்டேன். பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர். அம்மா பேசுவார், தம்பி பேச மாட்டான். நான் போன் செய்தால் மூச்சு விடாமல் பேசுவார். அடுப்பில் என்ன, காக்கை எங்கே வந்து உட்கார்ந்தது என்பது வரை சொல்வார். திடீரென்று, "வெச்சறட்டா? உனக்கு வேலை கெடக்கும்" என்பார். சொல்லிவிட்டு வைக்க மாட்டார். வாயாடி என்று பேரெடுத்த மனுஷி அவர்.

நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எத்தனை மாசம் இருக்குதுங்க? பையனுக்கு இன்னும் ஒன்னு பழக்கோணும்" என்றார்.

தம்பி அம்மா பிசைந்த சோற்றைத்தான் சாப்பிடுவான், அதுவும் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தால்தான். வேறு யார் பிசைந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவான். தான் போய்விட்டால் பிள்ளை பட்டினி கிடப்பானே என்ற ஒரே பயம்தான் அம்மாவுக்கு. என்னை வரவழைத்தார். முதலில் அம்மா பக்கத்தில் இருக்க, நான் பிசைந்தேன். தட்டு பறந்தது. "மறுக்காப் பெசை" என்றார். அவன் வாய் வைக்கத் தொடங்கியதும் அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பிறகு வாசற்படிக்குப் போனார். கடைசியில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். இந்தப் பக்கம் பிள்ளை சாப்பிடுகிறான். அந்தப் பக்கம் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறார். பெற்ற பிள்ளைக்குத் தான் இல்லாமல் இருப்பதைப் பழக்குவது எப்பேர்ப்பட்ட வேலை! அதையும் அவர் செய்தார். தம்பி அம்மாவைத் தேடாமல் சாப்பிட்ட அன்று, "போதும் சாமி, பொழைச்சுக்குவே" என்று கதவிடம் சொல்வதுபோல் சொன்னார்.

அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, பக்கத்து வீட்டுத் தறிக்காரரின் மனைவி இட்லி கொண்டுவந்தார். நான் பிட்டுப் பிசைந்து வைத்தேன். தம்பி சாப்பிட்டான். "பெத்தவ அங்க கெடக்கறா, இவன் திங்கறான் பாரு. ஒன்னுந் தெரியாத ஜென்மம்" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று எழுத மாட்டேன். இந்த மலர் அவர் கையிலும் இருக்கும்.

அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவன் சாப்பிட்டது அம்மாவின் கடைசி உழைப்பு. சாப்பிட்டு முடித்ததும் தம்பி காலித் தட்டோடு எழுந்தான். நேராகச் சமையலறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அம்மா அங்கே நின்றது அத்தனை நாளும் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அங்கே ஆளில்லை என்றதும் கூடத்துக்கு வந்தான். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே குனிந்து, தட்டைச் சாய்த்து அம்மாவுக்குக் காட்டினான். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

நோயில் கைகொடுத்த மாமன்மாருக்கும், வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், மச்சினனைத் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட என் கணவருக்கும், அன்று இட்லி கொண்டுவந்த அக்காவுக்கும், பொறுமையாக உட்கார்ந்து டீ குடித்துப் போன அந்த முடிதிருத்துநருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அம்மாவுக்குப் படையல் போட்டு முடித்ததும் பந்தி நடக்கும். தம்பியும் உட்காருவான். சத்தம் கேட்டால் காதைப் பொத்துவான், மேசையைத் தட்டுவான். அவனுக்குப் பக்கத்தில் ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறேன். அம்மா இல்லை, உங்களில் யாராவது அதில் வந்து உட்காருங்கள்.