வாணலியில் சிவந்த சரிவு

மண்ணுளி என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே விழிப்பார். தொழில், குடிநீர்க் குழாய் பதிப்பது. பள்ளம் தோண்டும் இடமெல்லாம் கண்ணில் பட்ட மண்ணைச் சாப்பாட்டு டப்பாவில் அள்ளிவருவார். கரைத்து, தெளியவைத்து, வடித்து, காய்ந்ததைக் கல்லில் அரைத்துப் பிசினில் குழைத்து நிலக்காட்சி வரைவார்.

ஒரே பிடிவாதம்: எந்த இடத்தை வரைகிறாரோ, அந்த இடத்து மண்தான். ஒருமுறை ஆற்றங்கரைப் படத்தில் வேற்று மண் கலந்துவிட, படத்து ஆறு கோபித்துக்கொண்டு சட்டத்தைத் தாண்டி ஓடிவிட்டதாம். நான் போய்ப் பார்த்தபோது சுவர் ஈரமாகத்தான் இருந்தது.

ஊர் நூலகர் படம் மாட்டத் தம் கூடத்துச் சுவரைத் தருவதாகச் சொன்னார். மண்ணுளிக்குக் கிடைத்த முதல் சுவர். வெள்ளிக்கிழமை காலை படம் வராவிட்டால் அங்கே கொசு ஒழிப்புச் சுவரொட்டி வரும். வரைந்தது ஊரோரத்துப் புல்சரிவு. புல்லுக்கு மஞ்சள் பூசுவதுதான் பாக்கி. சரிவில் மஞ்சள் மண் இருந்த ஒரே இடத்தில் குழாய் பதித்து, மேலே காங்கிரீட்டும் போட்டாயிற்று. போட்டவரும் அவரேதான். மிச்சம் ஒரு கிண்ணம், அதுவும் ஈரமாக.

வியாழன் மாலை, அவர் வருவதற்குள் காயட்டுமே என்று மனைவி அதை வாணலியில் கொட்டி அடுப்பில் வைத்துவிட்டு, தங்கையிடம் போனில் பேச உட்கார்ந்தார். அந்தத் தங்கை வாயைத் திறந்தால், மூடுவதற்குள் அடுப்பிலிருக்கும் இரும்பே இளகிவிடும். மஞ்சள் மண் சூட்டில் சிவக்கும். சிவந்தது.

அவர் செருப்பைக் கழற்றும்போதே மனைவி சொன்னார்: "என்னங்க, மண்ணு வெக்கப்படுது."

அவர் வாணலியை எட்டிப் பார்த்தார். "புல்லுக்கு வச்சிருந்தேனே."

"காய வைக்கலாம்னுதான் போட்டேன். பின்னாடி டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்கீங்களே, அதுல மஞ்ச இல்லையா?"

"அது பாலத்து மண்ணு."

"யாரு மோந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"அப்ப கொசுவையே ஒட்டட்டும், போங்க." கொஞ்ச நேரம் கழித்து மனைவியே கேட்டார்: "இதுவும் அந்தச் சரிவு மண்ணுதானே? வெந்ததும் வேற ஊருக்குக் குடிபோயிடுச்சா?"

மண்ணுளி ஆறிய மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு பிசினைக் கரைக்க உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கூடத்துச் சுவரில் எரிந்துபோன புல்சரிவு தொங்கியது. தரை செக்கச் சிவப்பு. கருகிய புல்தாள்களுக்குச் சரிவின் கருமண் போதுமானதாக இருந்தது.

நூலகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரிவு எப்ப தீப்பிடிச்சுது? எனக்குத் தெரியவே தெரியாதே."

"நேத்து சாயங்காலம்," என்றார் மனைவி. "நான்தான் வச்சேன்."